இஎஸ்ஜி மதிப்பெண் ஏறும்போது எல்சிஆர் இறங்குவது ஏன்?

உங்கள் வங்கி ஆய்வில் இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) பற்றிய வெளிப்படுத்தல் மதிப்பெண் ஏற ஏற எல்சிஆர் (நீர்மைப் பாதுகாப்பு விகிதம்) இறங்குகிறது, இசட் ஸ்கோர் (வங்கி நொடிக்காமல் நிற்கும் வலுவின் அளவு) மட்டும் ஏறுகிறது, மாடலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

எல்சிஆர் என்பது உயர்தர நீர்மைச் சொத்தை (எளிதில் பணமாக்கக்கூடியதை) 30 நாள் நெருக்கடிக்கால நிகரப் பண வெளியேற்றத்தால் வகுத்து வருவது. வெளிப்படையான வங்கிக்குச் சந்தையில் பணம் எளிதாகக் கிடைத்தால், 140 சதவீதம் வைத்திருந்த இடத்தில் 120 போதும் என்று முடிவெடுக்கலாம். குறைந்தபட்சமான 100-க்கு மேலேதான் இருக்கிறது, ஆகவே இதைப் பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் முதலில் வங்கியின் அளவைச் சந்தேகப்படுங்கள். பெரிய வங்கிதான் நீளமான அறிக்கை போடும். மொத்தச் சந்தைக் கடனை (மற்ற நிதி நிறுவனங்களிடம் வாங்கும் பெரிய கடனை) அதிகம் நம்புவதும் பெரும்பாலும் அதுவே. மொத்தச் சொத்தின் லாக் (மடக்கை), சில்லறை டெபாசிட்டின் பங்கு இரண்டையும் மாடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை ஓராண்டு பின்தள்ளுங்கள், அதாவது முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணை வையுங்கள். ஆண்டு விளைவு (ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு தனி மாறி) கட்டாயம்: பாசல் என்ற சர்வதேச வங்கி விதிகளின் அட்டவணைப்படி எல்சிஆர் வரம்பு 2015-ல் 60 சதவீதத்தில் தொடங்கி, ஆண்டுக்கு 10 புள்ளி ஏறி 2019-ல் 100 ஆனது. அதே ஆண்டுகளில் அறிக்கைகளும் பெருகின. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

இசட் ஸ்கோர் என்பது ஆர்ஓஏ-யையும் (சொத்து மீதான லாப விகிதம்) மூலதன விகிதத்தையும் கூட்டி, ஆர்ஓஏ-யின் திட்டவிலக்கத்தால் வகுப்பது. அந்தத் திட்டவிலக்கத்தை முழுக் காலத்துக்கும் ஒரே எண்ணாக எடுத்தால் ஒரு வங்கிக்குள் தொகுதி (பின்னத்தின் மேல் எண்) மட்டுமே மாறும், ஆபத்தின் ஏற்ற இறக்கம் தெரியாது. 3 அல்லது 5 ஆண்டு நகரும் சாளரம் வைத்து, லாக் எடுங்கள்.

ஜிஎம்எம் (கருவி மாறிகளை வைத்து மதிப்பிடும் முறை) மாடலில், அந்தக் கருவிகள் செல்லுமா என்று பார்க்கும் ஹான்சன் சோதனையின் பி மதிப்பு 1.000 வந்தால் அதை நல்ல சகுனமாக எடுக்காதீர்கள். கருவி மாறிகள் அளவுக்கு மீறிப் பெருகியதன் அறிகுறி அது. கருவிகளைச் சுருக்கி, வங்கிகளின் எண்ணிக்கைக்குக் கீழே கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள்.