குருவை விட்ட பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பல ஆண்டுகள் ஒரு ஆன்மிக அமைப்பில் தீவிரமாக இருந்தவன் நான். லீவு நாளெல்லாம் அங்கே சேவைதான். மேல்நிலைப் பயிற்சிக்குப் பணம் கட்ட மனைவியின் நகையை அடகு வைத்ததும் உண்டு. ஒருமுறை, வசூலாகும் பணத்தின் வரவுசெலவு பற்றி மூத்த பொறுப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். "இது உங்க அகங்காரம் கேக்கற கேள்வி. உக்காந்து கவனிங்க, தானா அடங்கிரும்" என்றார். நானும் சில மாதம் உட்கார்ந்து கவனித்தேன். அடங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு யூடியூபில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகள் கிடைத்தன. குருவே வேண்டாம் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டது பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது தினமும் காலையில் என் எண்ணங்களைக் கவனிக்கிறேன். கோபம் வந்தால் அதற்குப் பெயர் வைக்காமல் பார்க்கிறேன். வீட்டில் சத்தம் போடுவதையே விட்டுவிட்டேன். போன வாரம் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட மறந்துவிட்டேன், கெடு தாண்டிவிட்டது. மனைவி சத்தம் போட்டாள். நான் என் மனதைக் கவனித்தபடி அமைதியாக இருந்தேன். அப்போது அவள் சொன்னாள்: "முன்னெல்லாம் சத்தம் போடுவீங்க, நாங்களும் பதிலுக்குப் பேசுவோம். இப்ப சும்மா பாக்கறீங்க. அந்தப் பார்வைதான் பயமா இருக்குதுங்க."

குருவின் திருமேனியைக் காண்பதே தெளிவு என்கிறார் திருமூலர். குருவே தடை என்கிறார் கிருஷ்ணமூர்த்தி. யார் சொல்வது சரி? குரு இல்லாமல் ஒருவன் தன் அகங்காரத்தைத் தாண்ட முடியுமா? அடுத்து நான் எதை வாசிக்க வேண்டும்? டிசம்பரில் சென்னை வரும்போது கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் வசந்த விஹாருக்குப் போகலாம் என்றும் இருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கணக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதில் அகங்காரம் எதுவும் இல்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் என்ன ஆகிறது என்று கேட்பது, வீட்டுக்குப் பொறுப்பான எந்த மனிதனும் செய்ய வேண்டிய காரியம். தன்னைத் தானே கூர்ந்து பார்ப்பதற்காக நம் மரபு கொடுத்த ஒரு சொல்லை அடுத்தவன் வாயை அடைக்கப் பயன்படுத்தும் இடத்தில் ஒரு நாழிகைகூட உட்காரக் கூடாது. நீங்கள் எழுந்து வந்தது நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிருஷ்ணமூர்த்தியைக் கேட்கிறீர்கள். அவர் எதை உதறினார், அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதெல்லாம் சின்னச் சின்னக் காணொளிகளில் கிடைக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் "குரு வேண்டாம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு உபதேசமாகிவிடும்.

இன்றைய ஆந்திரத்தில் உள்ள மதனப்பள்ளியில் 1895இல் பிறந்தவர். தாயை இழந்த பிள்ளை. தந்தை நாராயணய்யா வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1909இல் பிள்ளைகளோடு அடையாறு பிரம்மஞான சபைக்கு (தியோசாபிகல் சொசைட்டி) குடிவந்தார். படிப்பு ஏறாமல் பள்ளியில் அடிவாங்கிக்கொண்டிருந்த, நோஞ்சானான அந்தச் சிறுவனை அடையாறு கடற்கரையில் சபையின் மூத்தவர்களில் ஒருவரான லெட்பீட்டர் பார்த்தார். சுயநலமே கலக்காத ஒளி இவனைச் சுற்றி இருக்கிறது, வரப்போகும் உலக ஆசான் இவன்தான் என்றார். சபைத் தலைவி அன்னி பெசன்ட் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1911இல் அவனைத் தலைவனாக வைத்து நட்சத்திர சங்கம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டுத் தந்தை வழக்குப் போட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பானது. 1914இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அதற்குள் பிள்ளைகள் இங்கிலாந்தில் கோட்டு சூட்டோடு வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு வந்து குவிந்ததைப் பாருங்கள். ஹாலந்தில் ஒரு பிரபு தன் அரண்மனையையும் அதைச் சுற்றியிருந்த காட்டையும் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் பால்மோரல் கடற்கரையில், வரப்போகும் ஆசானுக்காக ஒரு திறந்தவெளி அரங்கமே கட்டினார்கள். உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் உறுப்பினர்கள். இருபது வயதைத் தாண்டிய ஒரு பையன், தன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் குறிப்பெடுக்க ஆட்கள் காத்திருக்கும் சூழலில் வாழ்ந்தான்.

இதில் ஓட்டை விழுந்தது எந்த வாதத்தாலும் அல்ல. தம்பி நித்யாவுக்குக் காசநோய். அண்ணனின் பணிக்கு அவன் இன்றியமையாதவன், அதனால் சபை நம்பிய கண்காணா மகான்கள் அவனைச் சாகவிட மாட்டார்கள் என்று கிருஷ்ணமூர்த்தி முழுதாக நம்பினார். கலிஃபோர்னியாவின் ஓஹையில் தம்பியைப் படுக்கையில் விட்டுவிட்டு, சபையின் பொன்விழாவுக்காக அடையாறுக்குக் கப்பல் ஏறினார். 1925 நவம்பரில் கப்பல் சூயஸ் கால்வாயை நெருங்கும்போது நித்யா இறந்த தந்தி வந்தது. அந்தப் பயணத்தில் கூட இருந்தவர் சிவராவ். இரவெல்லாம் கிருஷ்ணமூர்த்தி தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார் என்கிறார் அவர். சில சமயம் தெலுங்கில் அரற்றினாராம். விழித்திருக்கும்போது அவருக்குத் தெலுங்கு பேசவராது. சின்ன வயதிலேயே போய்விட்ட மொழி அது. பிரம்மஞானம் முழுவதற்கும் அடியில் இருந்த மதனப்பள்ளிப் பையன் அந்தக் கப்பலில்தான் வெளியே வந்தான் என்று நான் நினைக்கிறேன்.

அழுது முடித்ததும் மகான்களின் திட்டம் இது என்று அவர் ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். சுற்றியிருந்தவர்கள் அதைக் கொடுக்கத் தயாராகவே இருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நாளுக்கு நாள் அவர் மாறிக்கொண்டே வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சிவராவ் சொல்கிறார். கப்பல் கொழும்புக்கு வந்து சேரும்போது அவர் வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறார். நான்காண்டு கழித்து, 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்தின் ஓமென் முகாமில் 3,000 பேருக்கு மேல் கூடியிருக்க, எண்பத்தொரு வயது அன்னி பெசன்ட் எதிரிலேயே, சங்கத்தைக் கலைத்தார். உண்மை பாதையற்ற நிலம், எந்த அமைப்பும் யாரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். அரண்மனையும் நிலத்தின் பெரும்பகுதியும் கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தன. முப்பத்துநான்கு வயதில் இதைச் செய்ய எத்தனை தெம்பு வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தாயின் இடத்தில் இருந்து வளர்த்தவளுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சங்கம் கலைந்தது, கூட்டம் கலையவில்லை. அடுத்த ஐம்பத்தாறு ஆண்டுகள் அவர் பேசிக்கொண்டே இருந்தார். "நான்" என்று சொல்லாமல் "பேசுபவர்" என்றே தன்னைக் குறிப்பிட்டார். பேசுபவரை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதையும் தலையாட்டி ஒப்புக்கொண்டவர்கள்தான் அதிகம். கடைசி உரை 1986 ஜனவரி 4 அன்று நம் சென்னை வசந்த விஹாரில் நடந்தது. அடுத்த மாதம் ஓஹையில் மரணப்படுக்கையில் இருந்து பதிவு செய்த பேச்சில், தன் போதனையை ஒருவரும் வாழ்ந்து காட்டவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அவருடைய பணிகளை நிர்வகித்த ராஜகோபாலோடு கசந்து, 1968இல் தனி அறக்கட்டளை தொடங்கி, பிறகு வழக்கு மன்றம் வரை போனார்கள். ராஜகோபாலின் மகள் 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். தன் தாய் ரோசலிண்டுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் பல ஆண்டுகள் ரகசிய உறவு இருந்ததை அதில் எழுதினார். வாசித்த பலர் உடைந்துபோனார்கள். "அது அவருடைய தனிவாழ்க்கை, போதனையை மட்டும் பாருங்கள்" என்று சிலர் இன்றைக்கும் மழுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறவு என்பது நம்மைக் காட்டும் கண்ணாடி என்று வாழ்நாளெல்லாம் பேசிய ஒருவரின் உறவுகளைப் பார்க்கக் கூடாது என்றால், அது உங்கள் பொறுப்பாளர் சொன்ன பதிலின் இன்னொரு வடிவம்தான். அதற்காக அவர் எழுப்பிய கேள்வியைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வி இப்போது அவருடையது இல்லை, உங்களுடையது.

திருமூலருக்கு வருகிறேன். குருவைக் காண்பதே தெளிவு என்ற அதே வாயால்தான், குருட்டை நீக்காத குருவைப் பிடித்துக்கொள்பவர்களையும், குருடும் குருடும் சேர்ந்து ஆடிக் குழியில் விழுவதையும் சொல்லியிருக்கிறார். அவருக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் நடுவில் நாம் பஞ்சாயத்து செய்ய வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் ரமணர் இருந்தார். அவரிடம் தீட்சை கேட்டு வந்தவர்கள் பலர், அவர் யாருக்கும் முறையாகத் தீட்சை கொடுத்ததில்லை. விடிவதற்கு முன்னால் ஆசிரம அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். பந்தியில் தனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பரிமாறினால் ஏற்கமாட்டார். தன்னோடு சமைத்த பெண்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆசானை எடைபோட எனக்குத் தெரிந்த வழி அதுதான். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அடுக்களையில் கூட நின்றவரைக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு அடுக்களையில் நிற்பவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். முன்பு நீங்கள் கத்தியபோது அவருக்கு ஒரு இடம் இருந்தது, பதிலுக்குப் பேச முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. கட்டணம் கட்டவில்லை என்ற நியாயமான கேள்வியை அவர் கேட்கிறார். நீங்கள் உட்கார்ந்து கவனிக்கிறீர்கள். அவர் கேட்ட கேள்வி பதில் இல்லாமல் அங்கேயே கிடக்கிறது.

அந்தப் பொறுப்பாளர் உங்களுக்குச் செய்தது இதையேதான் இல்லையா? கணக்குக் கேட்டீர்கள், கவனி என்றார். உங்கள் மனைவி கணக்குக் கேட்கிறார், நீங்கள் வாயால் சொல்லாமல் கண்ணால் அதையே சொல்கிறீர்கள். அமைப்பை விட்டு வந்துவிட்டீர்கள், அங்கே உடம்பில் ஏறிய பழக்கம் கூடவே வந்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சு அதற்கு ஒரு புதுச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறது. இதை உங்களைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு இடத்தில் பழகியது சில காணொளிகளால் போய்விடாது. எனக்குத் தெரிந்து பல நல்ல மனிதர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். குருவின் காலைவிட்டு எழுந்து வந்து, கவனிப்பவன் என்ற மேடையில் தாங்களே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காண்பவன் வேறு, காணப்படுவது வேறு இல்லை என்று அவர் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கோபத்தை மேலேயிருந்து பார்க்கும் அந்த ஆள் யார்? அவனும் அந்தக் கோபத்தால் ஆனவன்தான். கத்தாத கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது தாடையிலும் கண்ணிலும் போய் உட்கார்ந்திருக்கும். எதிரே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. அன்று நடந்ததை இன்னொருமுறை நினைத்துப் பாருங்கள். உண்மையில் வந்தது கோபமா? மறந்துபோன வெட்கமாக இருக்கலாம். பணத்தைப் பற்றிய பயமாகவும் இருக்கலாம். "மறந்துட்டேன், தப்பு என்னுதுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வெட்கத்தை நேராகச் சந்தித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் மௌனம் அதை மூடிவைக்கத்தான் உதவியது. காலையில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது இது பிடிபடுவது கடினம். அங்கே உங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. அந்தப் பார்வையில் அவர் எதைக் கண்டு பயந்தார் என்று அவரையே கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள், முடித்ததும் பதில் சொல்லுங்கள். கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். நகையைப் பற்றியும் எழுதினீர்கள், மீட்டுவிட்டதாக எழுதவில்லை. அது இன்னும் அடகில் இருந்தால் எந்தப் பயிற்சியைவிடவும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது திரும்பும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

வாசிக்க எதுவும் இப்போது சொல்லப்போவதில்லை. உங்களிடம் இருப்பதே அதிகம். குரு இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கும் ஆம், இல்லை என்று என்னால் பதில் தர முடியாது. தந்தால் நீங்கள் அதையும் ஒரு இடத்தில் வைத்துக்கொள்வீர்கள். வசந்த விஹாருக்கு அவசியம் போங்கள், உட்கார்ந்து படிக்க நல்ல இடம், மரங்கள் நிறைந்த வளாகம். மனைவியையும் மகளையும் வருகிறார்களா என்று கேளுங்கள். அந்த நாளை அவர்கள் வேறு எங்காவது கழிக்க ஆசைப்பட்டால், இந்த முறை அங்கேயே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்.