இரண்டாவது அந்நிய மொழியாக ஜெர்மன் படிக்கலாமா?

ஆங்கிலம் ஓரளவு வருகிறது, அடுத்து ஜெர்மன் படித்தால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வேலை, படிப்பு என்று திட்டம் இருந்தால் தயங்காமல் தொடங்குங்கள். நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2 நிலை கேட்பார்கள் (ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவில் ஏ1 தொடக்க நிலை; பி2 அதிலிருந்து நான்காவது நிலை). டாக்டர்களுக்கு மருத்துவ மொழித் தேர்வு தனியாக உண்டு. எம்.எஸ். படிப்பும் ஐ.டி. வேலையும் ஆங்கிலத்திலேயே கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாடகை ஒப்பந்தமும் அலுவலகக் கடிதங்களும் ஜெர்மனில்தான் வரும். படித்து முடித்து வேலை தேடும்போது மொழி தெரியாததன் கஷ்டம் நன்றாகவே உறைக்கும். மாணவர்களை அங்கே அனுப்பி வைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மொழியில் நம்மைத் தடுமாற வைப்பது, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இலக்கணப் பால் இருப்பது. மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ இரண்டும் இல்லை! காரணம் தேடாமல், பாலைக் காட்டப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர் (der), டீ (die), டாஸ் (das) மூன்றில் எது என்பதைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வேற்றுமைக்குப் பயப்பட வேண்டாம்; தமிழில் எட்டு, அங்கே நான்குதான். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழகியதே.

பி2 வரை போக, 45 நிமிட வகுப்புகள் சுமார் 600 முதல் 800 வரை ஆகும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்கிற கோதே நிறுவனத்தில் (ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு அமைப்பு) படிக்கலாம், தேர்வும் எழுதலாம். வெளிநாட்டுத் திட்டம் இல்லாமல் ஆர்வம் மட்டும் இருந்தால், முதலில் ஏ1 முடித்துவிட்டு, அப்புறம் மேலே படிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.