1950 ஃபோர்டு: கூரை அப்படியே, வண்டி மட்டும் ஒல்லியானது எப்படி?

நீங்கள் கேட்ட படத்தில் இருப்பது உருமாற்றிய 1950 ஃபோர்டு கார். அதன் கூரையில் கை வைக்கவில்லை. உடலின் நடுவே சுற்றிலும் ஒரு பட்டைத் தகட்டை அறுத்தெடுத்து, மேல்பாதியை இறக்கிப் பற்றவைத்திருப்பார்கள். இதை 'செக்‌ஷனிங்' என்பார்கள். ஜன்னல் உயரம் மாறாததால்தான் எது குறைந்தது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை.

கலிபோர்னியாவின் பர்பாங்கில் நீல் எமரியும் கிளேட்டன் ஜென்சனும் நடத்திய வேலி கஸ்டம் (Valley Custom) பட்டறை இதில் கைதேர்ந்தது. கதவு, ஃபெண்டர், பானெட் எல்லாம் ஒரே கோட்டில் பிசகாமல் சேரவேண்டும். அவ்வளவு நுணுக்கமான வேலை. கார்களை உருமாற்றுவதில் புகழ்பெற்ற பாரிஸ் (Barris) சகோதரர்கள் அளவுக்கு இவர்கள் பேசப்படாதது எனக்கு வருத்தம்தான்.

இது செக்‌ஷனிங்தானா என்று உறுதிசெய்ய, அசல் 1950 ஃபோர்டின் பக்கவாட்டுப் படத்தை அருகில் வையுங்கள். ஜன்னலின் கீழ்விளிம்பிலிருந்து கதவின் அடிவரை இரண்டு படத்திலும் அளந்து, கதவின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் குறைந்தால் செக்‌ஷனிங். மாறாவிட்டால் சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், வேறு பட்டறைகளும் இதைச் செய்தன. படத்தை மட்டும் பார்த்து வேலி கஸ்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.