அகன்ற சயாட்டிக் பள்ளம், குறுகிய பியூபிஸ் கோணம்: ஆணா, பெண்ணா?

இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் உள்ள சயாட்டிக் பள்ளம் அகலமாக இருந்து பெண் என்றும், முன்பக்கத்தில் உள்ள பியூபிஸ் பகுதியின் கீழ்க்கோணம் குறுகலாக இருந்து ஆண் என்றும் காட்டினால், பியூபிஸ் காட்டுவதை நம்புங்கள். நீங்கள் விவரிக்கும் இடுப்பெலும்பு பெரும்பாலும் ஆணுடையது. சயாட்டிக் பள்ளம் அகலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பெண் என்று பதிவு செய்துவிடாதீர்கள். அந்த அகலம் மக்களினத்துக்கு மக்களினம் மாறும். நீங்கள் ஒப்பிடும் கையேட்டுப் படம் வேறொரு மக்களின் எலும்பைப் பார்த்து வரைந்ததாக இருந்தால் இப்படி முரண்படுவது இயல்புதான்.

1969இல் ஃபெனிஸ் என்ற ஆய்வாளர் வகுத்த மூன்று அடையாளங்களையும் பாருங்கள்: பியூபிஸின் முன்பக்கத்தில் சாய்வாக ஓடும் மெல்லிய மேடு, பியூபிஸிலிருந்து கீழே இறங்கும் கிளையின் விளிம்பில் உட்குழிவு, அதே கிளையின் உட்பக்கம் கூரிய வரம்பாக இருப்பது. மூன்றும் பெண்ணுக்குரியவை. மேட்டுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

ஒன்று, பருவமடையாதவரின் எலும்பானால் இவை எதுவும் செல்லாது. தொடை எலும்பு பொருந்தும் குழியில் இடுப்பெலும்பின் மூன்று பகுதிகளும் ஒட்டிவிட்டனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.