வெளிநாட்டுக்கு அனுப்பிய கைக்கடிகாரம் வழியில் தொலைந்தால் நட்டம் யாருக்கு?

கேள்வி: பழைய கைக்கடிகாரங்களைச் சேகரித்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறேன். பணம் முழுவதையும் செலுத்திவிட்ட ஒருவர், சுங்க வரியைத் தவிர்க்க ‘அன்பளிப்பு’ என்றும் குறைந்த மதிப்பென்றும் எழுதிக் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு?

பதில்: வாங்குபவர் வணிகராக இருந்து, இருவர் நாடுகளும் 1980ஆம் ஆண்டின் சரக்கு விற்பனை குறித்த வியன்னா உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாத நிலையில், முதல் சரக்கேற்றுநரிடம் (கூரியர் நிறுவனம் போன்றவரிடம்) பொருளை ஒப்படைத்ததுமே இழப்பின் பொறுப்பு பொதுவாக வாங்குபவரைச் சேரும். ஆனால், சொந்த உபயோகத்துக்கு வாங்கப்படுவதாக விற்பவர் அறிந்திருக்கும் பொருள்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. அப்போது உள்நாட்டுச் சட்டமே பேசும். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள், பொருள் வாங்குபவரின் கைக்குச் சேரும்வரை பொறுப்பை வணிகமாக விற்பவர்மீதே வைக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர்கள் சேகரிப்பாளர்கள் என்பதால், நட்டம் உங்களுடையது என்று கொண்டே திட்டமிடுவது நல்லது.

கூரியர் நிறுவனம் ஈடு தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, விமானச் சரக்குக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பு உரிமைகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, SDR). 200 கிராம் பொதிக்கு 5.2தான் வரும், கடிகாரத்தின் வார் வாங்கவும் அது போதாது. அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் இந்த வரம்பு உயரும். எனினும், சேகரிப்புப் பொருள்களை ஏற்கும் தனிக் காப்பீடே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அவற்றை ஏற்பதாக எழுத்தில் உறுதி பெற்ற பின்னரே பொதியைக் கொடுங்கள்.

‘அன்பளிப்பு’ யோசனையை மறுத்துவிடுங்கள். சுங்கப் படிவத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள். பொய் அறிவிப்புக்கான அபராதமோ பறிமுதலோ ஒருபுறமிருக்க, பொருள் தொலைந்த பின் உண்மை விலையைக் கோரும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். வரியைச் செலுத்த வேண்டியவர் வாங்குபவர் என்பதை விற்பனைக்கு முன்பே எழுதிக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது. (முதலைத்தோல் வார் இருந்தால் கழற்றிவிடுங்கள், அரிய உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டிஸ் விதிகளின்படி அதற்கு அனுமதிச் சான்று தேவைப்படலாம்.)

உள்ளியந்திரத்தின் வரிசை எண், பொதி கட்டிய விதம் ஆகியவற்றைப் படமெடுத்து, எடை குறித்த ரசீதுடன் வைத்திருங்கள். பொருள் சேதமடைந்திருந்தால், பெற்றுக்கொண்டவர் 14 நாள்களுக்குள் சரக்கேற்றுநரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும், வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது மான்ட்ரியல் விதி. முறையிட வேண்டியவர் வாங்குபவர் என்பதால், பொதியைப் பெற்றவுடன் திறந்து பார்த்து உங்களுக்கும் தெரிவிக்கும் கடமையை ஒப்பந்தத்திலேயே அவருக்கு விதித்துவிடுங்கள்.