செடிக்கு வயதாவது என்றால் என்ன? அது ஏன் நடக்கிறது?

இருபது ஆண்டாக நிற்கும் செம்பருத்தி இப்போது இலை பழுத்துக் கொட்டுகிறது, பூவும் குறைந்துவிட்டது, பார்ப்பவர்கள் எல்லாம் "வயசாயிடுச்சு" என்கிறார்கள், செடிக்கு வயதாவது என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் ஒரு செடிக்கு ஒரே வயது கிடையாது. உங்கள் செம்பருத்தியின் அடித்தண்டுக்கு இருபது வயது. அதில் இருக்கும் இலைக்குச் சில மாதம். நுனிக் குருத்தில் நேற்றுப் பிறந்த செல்கள் இருக்கின்றன. தண்டின் நடுவில் உள்ள கட்டையில் பெரும்பகுதி எப்போதோ செத்துவிட்டது, செத்த நிலையிலேயே செடியைத் தாங்கி நிற்கிறது. அதனால் எந்தப் பகுதிக்கு வயதாகிறது என்று கேட்டால்தான் பதில் பிடிபடும்.

இலையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விஷயத்தில் பித்துப் பிடித்ததே ஓர் இலையால்தான். முதுகலை படிக்கும்போது ஒரு செய்முறை வகுப்பு. ஒரு வாரக் கோதுமை நாற்றின் இலைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு கண்ணாடித் தட்டுகளில் மிதக்கவிட்டோம். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் தண்ணீரோடு கைனெடின் என்ற பொருள் துளியளவு. இரண்டையும் இருட்டு அலமாரியில் மூடி வைத்துவிட்டு நான்கு நாள் கழித்துத் திறந்தோம். வெறும் தண்ணீரில் கிடந்தவை வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. மற்றத் தட்டில் இருந்தவை வெட்டிய அன்றைக்கு இருந்த அதே பச்சை. ஒரே நாற்று, ஒரே வெட்டு, ஒரே இருட்டு. தேய்ந்துபோய்த்தான் இலை சாகிறது என்றால், துளியளவு பொருள் எப்படி அதை நிறுத்திவைக்கும்? அன்று முழுக்க இதே நினைப்புதான்.

கைனெடின், சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. வெட்டிய இலையை அது பச்சையாக வைத்திருப்பதை 1957-லேயே ரிச்மண்ட், லாங் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். செடியில் இந்த ஹார்மோனில் கணிசமான பங்கு வேரில் உருவாகி, தண்ணீரோடு மேலே ஏறி இலைக்கு வருகிறது. அது வரும்வரை இலை இளமையாக இருக்கிறது. வரத்து குறைந்து, எத்திலீன், அப்சிசிக் அமிலம் போன்ற வேறு ஹார்மோன்கள் கூடினால், இலை தன்னைத் தானே பிரிக்க ஆரம்பிக்கிறது.

பிரிக்கிறது என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். பழுக்கத் தொடங்கிய இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல செடிகளில் ஓரமும் நுனியும் முதலில் மஞ்சளாகும், நரம்பை ஒட்டிய இடம் கடைசிவரை பச்சையாக நிற்கும். சரக்கை வெளியே அனுப்பும் பாதை அந்த நரம்புதான். பாதையை முதலிலேயே மூடிவிட்டால் சரக்கு உள்ளேயே தங்கிவிடும். செல்லுக்குள்ளும் இதே ஒழுங்கு. முதலில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் கலைக்கப்படுகின்றன. இலையில் உள்ள தழைச்சத்தில் முக்கால் பங்கு வரை அவற்றில்தான் இருக்கிறது. அவற்றின் புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைந்து, நரம்பு வழியே குருத்துக்கோ விதைக்கோ போகின்றன. செல்லின் கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் மட்டும் பின்னால்வரை விடப்படுகின்றன, ஏனென்றால் இந்த வேலையை நடத்தவே அவை தேவை. இத்தனையும் முடிந்த பிறகுதான் காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு நெகிழ்ந்து இலை கழன்று விழுகிறது. கால்சியம் போல நகர்த்த முடியாததெல்லாம் சருகோடு போய்விடும்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். குருத்து வளர்வதற்கான சரக்கில் ஒரு பங்கு, பழுத்த இலை அனுப்பியதுதான்.

இதில் இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. சில சமயம் முழுக்க மஞ்சளான இலையில் ஓரிடத்தில் மட்டும் பச்சைத் திட்டு இருக்கும். ஆப்பிள் இலையைத் துளைத்து உள்ளே வாழும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு இப்படிச் செய்கிறது. அது இருக்கும் இடத்தில் சைட்டோகைனின் கூடி, சுற்றிலும் இலை செத்துக்கொண்டிருக்க, அதன் சாப்பாடு மட்டும் இளமையாகவே இருக்கும். எங்கள் கண்ணாடித் தட்டில் நடந்த அதே காரியம்.

அப்படியென்றால் செடி ஏன் எல்லா இலையையும் இளமையாகவே வைத்துக்கொள்வதில்லை? இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1995-ல் கான், அமாசினோ என்ற இருவர், மூப்புத் தொடங்கும்போது இலையே சைட்டோகைனின் தயாரித்துக்கொள்ளும்படி புகையிலைச் செடியை மாற்றினார்கள். கீழ் இலைகள் வெகுநாள் பச்சையாக நின்றன. ஆனால் தழைச்சத்து குறைவான சூழலில் வளர்த்துப் பார்த்தபோது, கீழ் இலைகள் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டதால் மேலே வெயிலில் நிற்கும் இளம் இலைகளுக்குப் போதவில்லை. கோதுமையில் இதன் மறுபக்கம் தெரிந்தது. இலை மூப்பை முன்கூட்டியே தொடங்கிவைக்கும் ஒரு மரபணு, தானியத்தில் புரதத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கூட்டுகிறது என்று 2006-ல் கண்டார்கள். நிழலில் கிடக்கும் பழைய இலையால் வரவைவிடச் செலவு அதிகம். கணக்கை முடித்துவிட்டு முதலை வேறு இடத்தில் போடுவது செடிக்கு லாபம்.

சில செடிகள் இதே கணக்கை முழு உடலுக்கும் போடுகின்றன. நெல், கோதுமை, சோயா எல்லாம் விதையை நிரப்பிவிட்டு மடிகின்றன. தாளிப்பனை பல பத்தாண்டுகள் காத்திருந்து, உச்சியில் ஒரே ஒரு முறை பிரம்மாண்டமாகப் பூத்துக் காய்த்துச் சாகிறது. மூங்கிலில் சில இனங்கள் 48 ஆண்டுக்கு ஒருமுறை, சில 120 ஆண்டுக்கு ஒருமுறை. சோயாவில் காய்களைக் கிள்ளிக்கொண்டே வந்தால் இலை பல நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்கும். விதைக்கு எல்லாவற்றையும் கொடுத்துக் களைத்துச் சாகிறது என்று இதை வைத்து நினைத்தார்கள். ஆனால் ஸ்பினாச் என்ற கீரையில் (நம் கொடிப்பசலை இல்லை) ஆண் செடி தனி, பெண் செடி தனி. விதையே பிடிக்காத ஆண் செடியும் பூத்த பிறகு மடிகிறது, பூவைக் கிள்ளினால் அதன் சாவும் தள்ளிப்போகிறது. ஆக, வெறும் களைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பூத்துவிட்டேன் என்ற செய்தியே உடல் முழுக்கப் போய்ச் சேருகிறது.

வாழை இதில் நடுவழி. குலை தள்ளிய மரம் போய்விடும், கிழங்கு போகாது, பக்கக்கன்று எழும்பும்.

இனி நெடுங்கால மரங்கள். அமெரிக்காவின் நெவாடா மலையில் 1964-ல் ஆராய்ச்சிக்காக ஒரு பிரிஸில்கோன் பைனை வெட்டினார்கள். எண்ணியபோது 4862 வளையங்கள். அந்த இனத்து மரங்களுக்கு வயதாக ஆக உடலின் பெரும்பகுதி செத்து, ஒரு நாடாவளவு உயிர்த் திசு மட்டும் வேரையும் ஒரு கிளையையும் இணைத்துக்கொண்டிருக்கும். அந்த நாடா போதும் அதற்கு. 15 முதல் 667 வயது வரையுள்ள கிங்கோ மரங்களை ஒப்பிட்ட சீன ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. கிழ மரம் பருமனில் மெதுவாகத்தான் கூடுகிறது, ஆனால் நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் சோர்ந்துபோகவில்லை, பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவில் மூப்பின் அடையாளம் பெரிதாக இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் 234 வயது ஓக் மரத்தின் இரண்டு கிளைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோது, 17 எழுத்து மாற்றங்களைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. குருத்தில் உள்ள தாய்ச் செல்கள் அடிக்கடி பிரியாமல் பத்திரமாக ஒதுங்கியிருப்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மனிதர்களைப் போல் இல்லாமல் இவற்றுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நம் உடலில் அடுத்த தலைமுறைக்கான செல்கள் கருவிலேயே தனியாகப் பிரிந்துவிடுகின்றன. மரத்திலோ எந்தக் கிளை நுனியும் பூவாகலாம். அதோடு, பல மரங்கள் பெரிதாக ஆக அதிக விதை கொடுக்கின்றன. ஐம்பது வயது மரத்தைவிட இருநூறு வயது மரம் அதிகம் ஈனும் என்றால், இயற்கைத் தேர்வு அந்தக் கிழத்தைக் கைவிடாது. மறுபக்கம், அடுத்த கோடையைத் தாண்டுவதே சந்தேகம் என்ற இடத்தில் வாழும் சிறு செடிக்கு, இருப்பதையெல்லாம் ஒரே விளைச்சலில் கொட்டிவிடுவதுதான் சரி.

அப்புறம் மரம் எதனால்தான் சாகிறது? இடி, காற்று, பூஞ்சை, வறட்சி. அதோடு, உருவம் பெருத்துவிடுவதால் வரும் சிரமம். உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது கடினமாகிறது, வளர்ச்சி மந்தமாகிறது. இது வயதாலா உருவத்தாலா என்று 2005-ல் சோதித்தார்கள். கிழ மரங்களின் கிளைத் துண்டுகளை இளங்கன்றுகளில் ஒட்டியபோது அவை இளங்கன்று போலவே வளர்ந்தன. மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் உருவம்தான்.

ஆனால் ஒன்று, மூப்பு வேறு, பருவமடைதல் வேறு. ஒட்டுமாங்கன்று இடுப்பளவு உயரத்திலேயே பூவெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாய் மரத்தின் கிளை பெற்ற பூக்கும் பக்குவம் ஒட்டிலும் தொடர்கிறது, தளர்ச்சி மட்டும் தொடர்வதில்லை. இரண்டையும் சேர்த்து அழிப்பது விதை ஒன்றுதான், அதனால்தான் கொட்டையிலிருந்து வந்த மரத்துக்கு அத்தனை ஆண்டு காத்திருக்கிறோம்.

சரி, உங்கள் செம்பருத்திக்கு வருகிறேன். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். அடி இலைகளில் என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், பழைய இலையைக் கலைத்துச் செடி சமாளிக்கிறது. குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. இரண்டுமே முதுமை இல்லை. தொட்டியில் என்றால் வேர் சுருண்டு இடமில்லாமல் போயிருக்கலாம், வேருக்குத் தொல்லை என்றால் இலைக்கு வரும் சைட்டோகைனினும் குறையும். எதுவாக இருந்தாலும், நோயில்லாத கிளை ஒன்றிலிருந்து பென்சில் பருமனில் ஒரு போத்தை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நட்டு, ஈரம் காயாமல் வைத்திருங்கள். சில வாரத்தில் கணுவில் குருத்து தெரியும், அதை மட்டும் நம்பி உடனே பிடுங்கிப் பார்க்காதீர்கள், வேர் அதற்குப் பிறகும் வரலாம்.