செல்களின் பிடி தளரும்போது: இரைப்பைப் புற்றுநோய், வாசகர் கேள்விகள்

பயாப்ஸி அறிக்கையில் ‘ஈ-கேட்ஹெரின் இல்லை’ என்று இருக்கிறது. என்ன அர்த்தம்?

இரைப்பையின் உட்படலத்தில் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து நிற்பவை. அந்தப் பிடிக்கு முக்கியமான புரதம் ஈ-கேட்ஹெரின். அது போய்விட்டால் செல்கள் கழன்று, கட்டியாகத் திரளாமல் சுவருக்குள் தனித்தனியாக ஊடுருவும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் சளி நிரம்பி, உட்கரு ஓரத்தில் ஒதுங்கி, கல் வைத்த மோதிரம் மாதிரியே இருக்கும். பின்லாந்து நோயியல் நிபுணர் லாரன் 1965-இல் இரைப்பைப் புற்றுநோயில் ‘பரவல் வகை’ என்று பிரித்துக் காட்டியதில் இவை அதிகம்.

கால்சியம் இருந்தால்தான் இந்தப் புரதம் பிடிக்குமாமே, மாத்திரை சாப்பிடலாமா?

வேண்டாம். தேவையான கால்சியம் உடம்பிலேயே இருக்கிறது; இல்லாமல் போனது புரதம்.

அப்பா, அத்தை இருவரும் நாற்பது வயதுக்குள் இந்த நோயால் இறந்தார்கள். என் எண்டோஸ்கோபி நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஈ-கேட்ஹெரினை உருவாக்கும் மரபணு சிடிஎச்1. அதில் ஏற்படும் பிழை பரம்பரையாக வருகிறது என்பது 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வகையில் புற்றுசெல்கள் மேற்படலத்துக்கு அடியில் சிறு சிறு புள்ளிகளாக ஒளிந்திருக்கும். மேலே பளபளவென்று ஆரோக்கியமாகவே தெரியும். முன்னெச்சரிக்கையாக அகற்றிய இரைப்பைகளை முழுக்கச் சீவிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் அந்தப் புள்ளிகள் கிடைக்கின்றன. இருவருக்கும் வந்தது பரவல் வகையா என்று பழைய அறிக்கைகளில் பாருங்கள். மரபணு ஆலோசகரைச் சந்தித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிழை உறுதியானால் இரைப்பையை முழுதாக அகற்றுவது பற்றிப் பேசுவார்கள். பெரிய முடிவுதான், ஆனால் இரைப்பை இல்லாமலும் வாழலாம். பெண்களுக்கு, பால் சுரக்கும் மடல்களில் தோன்றும் லோபுலார் வகை மார்பகப் புற்றுநோய் அபாயமும் உண்டு. சகோதரிகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்தக் கிருமி சுரக்கும் ஒரு நொதி ஈ-கேட்ஹெரினையே வெட்டுகிறது. 1994 முதல் அது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமைப் பட்டியலில் முதல் வகைப் புற்றுநோய்க் காரணி, அதாவது உறுதியான காரணி. ஆன்டிபயாடிக் முடித்த பிறகு, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கிளாடின் சோதனை எதற்கு?

கிளாடின் 18.2-உம் செல்களை ஒட்டவைக்கும் புரதம்தான். இயல்பான திசுவில் செல் இடுக்கில் மறைந்திருக்கும். புற்றில் ஒழுங்கு குலையும்போது வெளியே தெரியும். அதைக் குறிவைக்கும் ஜோல்பெடுக்சிமாப் மருந்துக்கு 2024-இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. முற்றிய, ஹெர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகையாக இல்லாத நோயில் கீமோவுடன் சேர்த்துத் தருகிறார்கள். முதல் டோஸில் வாந்தி கடுமையாக இருக்கலாம். ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் திசு போதுமான அளவு மிச்சமிருந்தால் அதிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.